மூன்று முறை பார்த்தால் ‘ஆம்’

நவம்பர் 3, திங்கள்

காலையில் முதலில் செய்தது பிரகதியின் நகத்தை வெட்டியது. ஆறு மணிக்கு நான் டூட்டிக்கு வரும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். விழித்திருந்தால் கையைக் கொடுக்க மாட்டாள். தூக்கத்திலும் விரல்களை மூடியே வைத்திருக்கிறாள். ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் வெட்ட முடிந்தது. சுட்டுவிரல் நகம் அரிசிக் குருணை அளவுதான் இருக்கும்.

எட்டு மணிக்கு மைதிலி மேடம் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்.

“அமலா, உங்க பிரகதிக்கு வீடு கெடைச்சிருச்சு. கோயம்புத்தூர்க்காரங்க. இருபதாம் தேதி பாக்க வர்றாங்க.”

‘உங்க’ என்று அவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. தத்துக் கொடுக்கும் இல்லத்தில் எந்தக் குழந்தையும் எந்த ஊழியருடையதும் இல்லை. குழந்தைகள் ஒருவரிடமே ஒட்டிக்கொள்ளக்கூடாது என்பதற்காகத்தான் எங்கள் எல்லோருக்கும் ஒரே பச்சைச் சேலை. பன்னிரண்டு வருடங்களாக அதைக் கட்டுகிறேன். இருபது நாள் சிசுவாகப் பிரகதி வந்த அன்று இல்லத்துக்கு மதிய உணவு கொடுத்த வங்கி ஊழியர்கள் அவளுக்கு வைத்த பெயர் அது. இப்போது பதினோரு மாதம்.

நான் மனையியல் பட்டதாரி என்பதால் வளர்ச்சிப் படிவங்களை நிரப்புவது என் வேலை. பதினெட்டாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். முகம் பார்த்துச் சிரிக்கிறதா, தூக்கச் சொல்லிக் கை நீட்டுகிறதா, விடைபெறும்போது கையசைக்கிறதா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறதா, பிறர் காட்டும் திசையில் பார்க்கிறதா.

கடைசி இரண்டும் பிரகதிக்கு இன்னும் வரவில்லை. பதினைந்து நாட்கள் இருக்கின்றன.

நவம்பர் 4, செவ்வாய்

இன்று முழுவதும் காட்டிக்கொண்டே இருந்தேன். காக்கா, மின்விசிறி, காலண்டரில் இருக்கும் யானை. நான் விரலை நீட்டினால் மற்றக் குழந்தைகள் விரல் போகும் திசையில் திரும்புகிறார்கள். பிரகதி என் விரல் நுனியைப் பார்க்கிறாள், காக்கா அங்கேதான் உட்கார்ந்திருப்பதுபோல. பிறகு அதைப் பிடித்து வாயில் வைத்துக்கொள்கிறாள். கீழே இரண்டு பல் முளைத்திருக்கிறது. நன்றாகக் கடிக்கிறாள்.

எட்டு டஜன் துணி மடித்தேன். ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு.

நவம்பர் 6, வியாழன்

ரஞ்சிதம் இங்கே எனக்கு முன்பிருந்தே ஆயாவாக இருக்கிறாள். படித்தவள் என்பதால் என்னை டீச்சரம்மா என்பாள். மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள்.

“டீச்சரம்மா, அது வாயத் தொறக்குறதுக்குள்ள நீங்க ஊட்டிடுறீங்க. கண்ணக் கசக்குறதுக்குள்ள தொட்டில ஆட்டிடுறீங்க. அப்புறம் அது எதுக்குக் கைய நீட்டப் போகுது? ராணி மாதிரில்ல வச்சிருக்கீங்க!”

“அப்ப நான் யாரு, மந்திரியா?”

“மந்திரியாவது! நீங்கதான் அதுக்குக் கையி.”

சிரித்துவிட்டு ரஸ்க் டப்பாவை அலமாரியின் மேல் தட்டில் வைத்தேன். பிரகதியை இடுப்பில் வைத்துக்கொண்டு அதன் முன்னால் நின்றேன். கொடுக்கவில்லை. பேசவுமில்லை. அவள் டப்பாவைப் பார்த்தாள். உடம்பை முன்னால் தள்ளினாள். சிணுங்கினாள். நான் அசையவில்லை. அப்போது என் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, டப்பாவின் பக்கம் கொண்டுபோனாள்.

சந்தோஷத்தில் ரஞ்சிதத்தைக் கூப்பிட்டுச் சொன்னேன். “கேட்டுட்டா ரஞ்சிதம், கேட்டுட்டா!”

“ஒங்க மூஞ்சியப் பாத்துச்சா?” என்றாள்.

பார்க்கவில்லை. டப்பாவை மட்டும்தான் பார்த்தாள். கல்லூரியில் படித்தது நினைவுக்கு வந்தது: பொருளுக்காக நம் கையைக் கருவிபோல எடுத்துக்கொள்வது வேறு, பொருளையும் நம் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக் காட்டுவது வேறு. இரண்டாவதுதான் பேச்சுக்கு முதல் படி. ‘அதோ பார்’ என்று சொல்ல எதிரே ஒருவர் இருக்கிறார் என்று குழந்தைக்குத் தெரிய வேண்டும்.

ரஸ்க் கொடுத்தேன். முழுவதும் தின்றாள்.

நவம்பர் 9, ஞாயிறு

காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்து வீடு கழுவினேன். இவர் பேப்பர் படித்தபடி, “பிரகதிக்கு எடம் வந்துருச்சாமே, நல்லதுதான?” என்றார். நல்லதுதான் என்றேன்.

ஐந்து வருடங்களுக்கு முன் நாங்களே ஒரு குழந்தைக்கு விண்ணப்பிக்கலாம் என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். பார்த்துக்கொண்டே இருந்தோம். இப்போது எங்கள் இருவரின் வயதையும் கூட்டினால் கைக்குழந்தைக்குச் சட்டம் இடம் கொடுக்காது. அவரைக் குற்றம் சொல்லி இதை எழுதவில்லை. கணக்கு அப்படி.

நவம்பர் 11, செவ்வாய்

மற்றக் குழந்தைகள் யார் வந்தாலும் கையைத் தூக்குவார்கள். கேஸ் சிலிண்டர் போட வருகிறவரைப் பார்த்தும் தூக்குவார்கள். பிரகதி என்னிடம் மட்டும் தூக்குகிறாள். பத்துப் பச்சைச் சேலைகளுக்கு நடுவில் எப்படிக் கண்டுபிடிக்கிறாள் என்று தெரியவில்லை. இன்று வேண்டுமென்றே திரும்பி நின்று பார்த்தேன். தவழ்ந்து வந்து சேலைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டாள்.

ரஞ்சிதத்திடம் பழகட்டும் என்று விட்டுவிட்டு வந்தேன். அழுதாள். பத்து நிமிடம் பொறுத்தேன். பத்து நிமிடம் இருக்காது.

நவம்பர் 14, வெள்ளி

குழந்தைகள் தினம். இரண்டு பள்ளிகளிலிருந்து வந்தார்கள். தொற்று வரும் என்பதால் வெளியாட்களை உள்ளே விடுவதில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே வரிசையாக நின்று கையசைத்துவிட்டுப் போனார்கள். உள்ளே எங்கள் பிள்ளைகளும் கையசைத்தார்கள்.

இதைப் படிவத்தில் எப்படி எழுதுவது என்று எனக்கு ஒவ்வொரு முறையும் குழப்பம். வீட்டில் வளரும் குழந்தை, அப்பா வேலைக்குக் கிளம்பும்போது, மாமா ஊருக்குப் போகும்போது டாட்டா கற்றுக்கொள்கிறது. எங்கள் குழந்தைகளுக்கு டாட்டா காட்டுகிறவர்கள் எல்லோரும் கதவுக்கு அந்தப் பக்கம் புதிதாக வந்து நிற்கிறவர்கள். அதனால் இவர்களுக்குக் கையசைப்பது என்றால் ‘வந்துவிட்டாயா, வா’ என்று அர்த்தம். யாராவது கிளம்பினால் கையசைக்க மாட்டார்கள், சும்மா பார்ப்பார்கள். பிரகதியும் அப்படித்தான். காலையில் நான் நுழைந்தால் டாட்டா காட்டுகிறாள். மாலையில் நான் கிளம்பும்போது அழுகிறாள்.

ரஞ்சிதம் சொல்கிறாள், “இதுக இங்க இருந்து கத்துக்கிட்டதெல்லாம் தலகீழாத்தான இருக்கும்?”

நவம்பர் 15, சனி

படிவத்துக்கு இன்னும் மூன்று நாள். விரல் இன்னும் மடங்கியே இருக்கிறது.

ஜெனியை நினைத்துக்கொண்டிருந்தேன். நான்கு வருடங்களுக்கு முன் தத்துப் போன குழந்தை. அவளுக்கு வராததையெல்லாம் வருகிறது என்று பாசத்தில் ஒரு ஆயா சொல்ல, நானும் ‘ஆம்’ போட்டுவிட்டேன். ஐந்து மாதம் கழித்து, அழகான கவுன் போட்டுத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். அதற்குப் பிறகு நான்தான் இந்த விதியைக் கொண்டுவந்தேன்: மூன்று தனித்தனி வேளைகளில் மூன்று முறை கண்ணால் பார்த்தால்தான் ‘ஆம்’. ஒருமுறை பார்த்தது தற்செயலாக இருக்கலாம். இரண்டு முறை நம் ஆசையாக இருக்கலாம். மேடம் இதை எல்லாக் கூட்டங்களிலும் பெருமையாகச் சொல்வார்.

நவம்பர் 17, திங்கள்

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. மதியம் காம்பவுண்டுச் சுவரில் குரங்கு வந்து உட்கார்ந்தது. மழை பெய்தால் சிறுமலையிலிருந்து இறங்கிவிடும். ரஞ்சிதம் கம்பை எடுத்துக்கொண்டு பின்கட்டு வழியாக ஓடினாள். வேறு ஒன்றும் இல்லை.

நவம்பர் 18, செவ்வாய்

படிவத்தைக் கொடுத்துவிட்டேன்.

முகம் பார்த்துச் சிரிக்கிறது: ஆம். தூக்கச் சொல்லிக் கை நீட்டுகிறது: ஆம், பழகியவரிடம் மட்டும். விடைபெறும்போது கையசைக்கிறது: இல்லை. விரல் நீட்டிக் காட்டுகிறது: இல்லை. பிறர் காட்டும் திசையில் பார்க்கிறது: இல்லை.

ஒவ்வொன்றும் விதிப்படி சரி. கையசைப்பு விடைபெறும்போது இல்லை என்பதும் உண்மை. விளக்கம் எழுத இரண்டு அங்குல இடம்தான் இருந்தது, அதில் தடுப்பூசித் தேதிகளை எழுத வேண்டியிருந்தது. விதி என்றால் எல்லாக் குழந்தைக்கும் ஒன்றுதான். ஒரு குழந்தைக்காக வளைத்தால் பிறகு ஜெனி மாதிரிதான் ஆகும். மேடம் படித்துவிட்டு, “மூணு ‘இல்லை’யா?” என்றார். “விதி உங்களுக்குத் தெரியும் மேடம்” என்றேன். குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது.

நவம்பர் 20, வியாழன்

வந்தார்கள். சுபத்ரா, முரளிதரன். அவளுக்கு முப்பத்தாறு இருக்கும். புதுச்சேலை கட்டாமல், பலமுறை துவைத்த பருத்திச் சேலையில் வந்திருந்தாள். குழந்தை முகம் வைத்தால் உறுத்தக்கூடாது என்று யோசித்திருக்க வேண்டும். அதை நான் கவனித்தேன்.

பார்வையாளர் அறையில் பிரகதியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்கள் கதவைத் திறந்ததும் பிரகதி டாட்டா காட்டினாள்.

சுபத்ரா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“ஏனுங்க, பாருங்க, வந்ததும் போகச் சொல்றா.” சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

“வெளையாட்டுக்கு” என்றார் அவள் கணவர். “போகமாட்டோம் கண்ணு. இப்பத்தானே வந்தோம்?”

பிரகதி இன்னும் வேகமாகக் கையை ஆட்டினாள். அவர்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். மேடத்துக்கு அப்போதுதான் போன் வந்தது, வெளியே போனார். அறையில் அதன் அர்த்தம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அவர்கள் என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

சுபத்ரா தூக்கப் பார்த்தாள். பிரகதி உடம்பை விறைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். சுபத்ரா கொண்டுவந்திருந்த துணி முயலை நீட்டினாள். பிரகதி முயலைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து முயலின் மேல் வைத்தாள்.

“உங்களத்தான் அம்மான்னு நெனைச்சிருக்கா போலங்க” என்றாள் சுபத்ரா. அதில் குத்தல் எதுவும் இல்லை. எனக்குத்தான் முகம் சுட்டது.

முரளிதரன் படிவத்தைப் படித்துக்கொண்டிருந்தார். “விரல் நீட்டலைன்னா, பேச்சு வராதுங்களா?”

“சில குழந்தைங்களுக்கு லேட்டாகும் சார்.”

“லேட்டாகுமா, வராதுங்களா?”

“அதெல்லாம் டாக்டர்தான் சொல்லணும்.”

அவர்கள் போனபிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காருக்குள் அரைமணி நேரம் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தார்கள். முயலை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

நவம்பர் 22, சனி

கோயம்புத்தூரிலிருந்து தகவல் வந்தது. வேண்டாம் என்றுவிட்டார்கள்.

நவம்பர் 23, ஞாயிறு

விரால் மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். இவர் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டு, “என்ன அமலி, ரொம்ப நாளைக்கப்புறம் சிரிச்ச மொகமா இருக்க?” என்றார்.

மீன் நல்லதாகக் கிடைத்தது, அவ்வளவுதான்.

நவம்பர் 25, செவ்வாய்

குழந்தை டாக்டர் ஹேமலதா மாதாந்திரப் பரிசோதனைக்கு வந்தார். பிரகதியின் படிவத்தை இரண்டு முறை படித்தார். பேனாவைக் காட்டினார், மணியடித்தார், பொம்மையை ஒளித்தார். பிரகதி என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

“அமலோற்பவம் எழுதினா நான் சந்தேகப்பட மாட்டேன்” என்றார், என் முழுப்பெயரைச் சொல்லி. “இங்க வச்சிருந்தா இவளுக்குப் பயிற்சி கெடைக்காது மைதிலி. சென்னையில சிறப்புக் குழந்தைகள் இல்லம் ஒண்ணு இருக்கு. எடம் கேக்குறேன். திங்கக்கிழமை வந்து கையெழுத்துப் போட்டுடுறேன். செவ்வாய்க்கிழமை அனுப்பிடுங்க.”

சென்னை என்றதும் நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. “இங்கயே நான் பாத்துக்கிறேன் டாக்டர்” என்று சொன்னேன் என்று ரஞ்சிதம் பிறகு சொன்னாள்.

“பாசத்துல சொல்றீங்க. பாசம் பயிற்சி ஆகாதும்மா” என்றாராம்.

பாட்டில் கழுவும் இடத்தில் ரஞ்சிதம் விடவில்லை. “அந்த மாதிரி இல்லம் நான் பாத்திருக்கேன் டீச்சரம்மா. அந்தப் பட்டியல்ல ஏறுன புள்ளயக் கேட்டு எவன் வர்றான்? பதினெட்டு வயசு வரைக்கும் அங்கதான். அன்னிக்குக் கொரங்கு வந்தப்ப ‘ஊ’ன்னு இது போட்ட சத்தம் பின்கட்டு வரைக்கும் கேட்டுச்சு. அம்புட்டு வெவரமான புள்ளயப் போயி…”

“கொரங்கப் பாத்தா எல்லாப் புள்ளயும்தான் கத்தும்.”

“கத்தும். ஆனா கத்திட்டு என்னா செஞ்சுச்சு? நீங்கதான அதக் கையில வச்சிருந்தீங்க?”

குழாயைத் திறந்துவிட்டேன். பாட்டில்கள் நிறைய இருந்தன.

நவம்பர் 27, வியாழன்

ரஸ்க் டப்பா, மின்விசிறி, யானை. ஒன்றுக்கும் விரல் வரவில்லை. சுவரோரம் தூக்கிக்கொண்டு போய் ஒரு மணி நேரம் நின்றேன். மழை விட்டுவிட்டதால் குரங்குகள் வரவில்லை. வெறும் சுவரைக் காட்டினேன். அவள் என் விரல் நுனியைப் பார்த்தாள்.

மேடத்திடம் கோயம்புத்தூர்க்காரர்களை மறுபடி கேட்கலாமா என்றேன். அவர்களுக்கு வேறு இல்லத்தில் ஒரு பையன் ஒதுக்கியாகிவிட்டதாம், நேற்றே பார்த்துவிட்டு வந்து சம்மதம் சொல்லிவிட்டார்களாம். “நல்ல ஜோடி. எங்கயோ ஒரு குழந்தைக்கு நல்லது நடந்துச்சே” என்றார்.

நவம்பர் 28, வெள்ளி

பிரகதியின் துணிகளைக் கணக்கெடுத்தேன். கவுன் ஒன்பது, ஸ்வெட்டர் ஒன்று, தொப்பி இரண்டு, துணி முயல் ஒன்று. எல்லாம் ஒரே பையில் அடங்கிவிட்டன.

நவம்பர் 30, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. தலைவலி என்று இவரிடம் சொன்னேன். அவர் மட்டும் போயிருக்கிறார். வெயில் சமையலறை வரை வந்திருக்கிறது. அவர் திரும்புவதற்குள் எழுதிவிட வேண்டும்.

பதினேழாம் தேதி எழுதியதில் ‘வேறு ஒன்றும் இல்லை’ என்று ஒரு வரி இருக்கிறது. இந்த நோட்டை யாரும் படிப்பதில்லை. அப்படியும் அதில் பொய் எழுதியிருக்கிறேன்.

அன்று மதியம் மூன்று இருபது. மருந்து கொடுக்கும் நேரம் என்பதால் கடிகாரத்தைப் பார்த்திருந்தேன். பிரகதியை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்ஜன்னலில் நின்றேன். சுவரில் குரங்கு வந்து உட்கார்ந்து நனைந்த ரோமத்தை உதறியது. பிரகதி ‘ஊ’ என்றாள். பிறகு மூடியே இருக்கும் அந்தக் கை மெதுவாக மேலே போனது. மற்ற விரல்கள் மடங்கியிருக்க, நான் நகம் வெட்டிய அந்தச் சின்னச் சுட்டுவிரல் மட்டும் தனியாக நீண்டது, நேராகக் குரங்கின் பக்கம். நீட்டியபடியே திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். மறுபடி குரங்கைப் பார்த்தாள். மறுபடி என் முகம். என் கையை அவள் தொடவில்லை. அவளுக்கு அந்தக் குரங்கு வேண்டியதில்லை. நானும் அதைப் பார்த்தேனா என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

‘ஆமா, குரங்கு’ என்று சொல்லியிருக்க வேண்டும். எந்த அம்மாவும் சொல்லிவிடுவாள், யோசிக்காமல் வாயில் வந்துவிடும் சொல் அது. சொல்லியிருந்தால் மறுபடி நீட்டியிருப்பாள். சாயங்காலம் விளக்கைக் காட்டியிருப்பாள், மறுநாள் காலை காக்காயைக் காட்டியிருப்பாள். மூன்று முறை ஆகியிருக்கும்.

அதனால்தான் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் கன்னத்தில் தட்டினாள், மறுபடி நீட்டினாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கை தானாக இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு இன்றுவரை அந்த விரல் நீளவில்லை. பதினோரு மாதம் கழித்து முதல்முதலாக ஒருத்தியைக் கூப்பிட்டுப் பார்த்தாள், அவள் திரும்பவில்லை. அதையும்தான் கற்றுக்கொண்டிருப்பாள்.

அவள் என்னுடன் இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். எவ்வளவு நாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை.

நாளை டாக்டர் கையெழுத்துப் போடுவதற்குள் பதிவேட்டில் எழுதப் போகிறேன். எழுதினால் வேலை போகும். பன்னிரண்டு வருடங்களில் நான் எழுதிய எல்லாப் படிவங்களையும் மறுபடி பார்ப்பார்கள், பார்க்கத்தான் வேண்டும். ஒரே வேளையில் பார்த்ததைத் தற்செயல் என்று டாக்டர் சொல்வார். விதியே என்னுடையது, நான் மறுக்க முடியாது. செவ்வாய்க்கிழமை வண்டி வரும், பிரகதி போய்விடுவாள். சுபத்ரா திரும்ப வர மாட்டாள். இருந்தாலும் சென்னையில் அந்தக் கோப்பைத் திறக்கிறவர் யாராவது ஒருவர் இந்தக் குழந்தையை ஜன்னலோரம் தூக்கிக்கொண்டு போய் நின்று, அவள் கை மேலே போகும்வரை பொறுமையாக இருந்து, பிறகு பதில் சொல்லக்கூடும். அப்படி ஒருவர் அங்கே இருப்பார் என்று நான் நம்பவில்லை. எழுதத்தான் போகிறேன்.

இவரிடம் சொல்லவில்லை. ரஞ்சிதத்திடமும் சொல்லவில்லை. இரண்டு பச்சைச் சேலைகளையும் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன், நாளை ஒன்றைக் கட்டிக்கொண்டு போய் இரண்டையும் கொடுத்துவிட்டு வரவேண்டும். மாற்றுச் சேலை ஒன்றைப் பையில் வைத்தாகிவிட்டது. எழுத வேண்டிய வரியையும் இங்கே ஒருமுறை எழுதிப் பார்த்துவிட்டேன், நாளை கை தடுமாறக்கூடாது:

நவம்பர் 17, மதியம் 3.20. சுவரில் குரங்கு. குழந்தை விரல் நீட்டிக் காட்டியது, இரண்டு முறை. திரும்பி முகத்தைப் பார்த்தது. பதில் சொல்லப்படவில்லை. உடனிருந்தவர்: அமலோற்பவம்.